கூலியாளர் எழுப்பிய கோபுரங்கள்: அமெரிக்காவில் போலந்தியர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், மிச்சிகன் பேரேரியின் மேலைக் கரையில் மில்வாக்கி என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரின் தென்புறத்தே செல்வோர் கண்ணை முதலிற் கவர்வது, வானளாவி நிற்கும் ஒரு பெரிய செப்புக் கவிமாடம். அது புனித ஜோசபாத் பேராலயத்தின் மாடம். உரோமாபுரியிலுள்ள புனித இராயப்பர் பேராலயத்தின் சாயலில் அது எழுப்பப்பட்டது. ஆனால் அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் அரண்மனைகளோ செல்வர் மாளிகைகளோ இல்லை. சின்னஞ்சிறு மர வீடுகளே நெருக்கமாக வரிசையிட்டு நிற்கின்றன. அவ்வீடுகளில் வாழ்ந்தவர்களே அக்கோயிலையும் கட்டினார்கள். அவர்கள் தோல் பதனிடும் சாலைகளிலும் இரும்பாலைகளிலும் கூலி வேலை செய்த போலந்து நாட்டவர்.

இத்துணைச் சிறிய வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஏன் இத்துணைப் பெரிய கோயிலைக் கட்டினார்கள்? இந்த ஒரு கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு சென்றால், அமெரிக்க நகரங்களில் போலந்தியர் பதித்துச் சென்ற சுவடுகள் அனைத்தையும் நாம் ஒருவாறு கண்டுவிடலாம். பிற மொழி வழங்கும் நகரங்களில் வாழ்க்கை நடத்தும் நம்மவர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறோம்.

முதலில் அவர்கள் விட்டு வந்த நாட்டைப் பார்ப்போம். போலந்து ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய அரசுகளுள் ஒன்றாக விளங்கியது. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் பிரஷ்யா, ரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகளும் அதனைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. அதன் பின்னர் 1918-ஆம் ஆண்டு வரை, 123 ஆண்டுகள், உலகப் படத்தில் போலந்து என்ற பெயரில் சுதந்திர நாடே இல்லை. பிரஷ்யர் ஆண்ட பகுதியில் பள்ளிகளிலிருந்து போலிஷ் மொழி படிப்படியாக விலக்கப்பட்டது. 1901-இல் விஜெஸ்னியா என்ற சிற்றூரில், ஜெர்மன் மொழியில் ஜெபம் சொல்ல மறுத்த பள்ளிச் சிறுவர்கள் பிரம்படி பட்டார்கள். அரசு போயிற்று, பள்ளியும் போயிற்று. மக்கள் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள எஞ்சி நின்றது ஊர்க் கோயில் ஒன்றே. அங்கேதான் அவர்கள் தாய்மொழியில் பாடவும், பாவசங்கீர்த்தனம் செய்யவும், இறந்தவர்களை அடக்கவும் முடிந்தது.

மானத்தை வாட்டிய அடிமைத்தனத்தோடு வயிற்றை வாட்டிய வறுமையும் சேர்ந்துகொண்டது. தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டு நிலம் கைக்குட்டை அளவாகச் சுருங்கிற்று. ஆஸ்திரியர் ஆட்சியிலிருந்த கலீசியாவின் வறுமை ஐரோப்பா முழுவதும் அறிந்த ஒன்று. எனவே மக்கள் கூட்டங் கூட்டமாகக் கப்பலேறினார்கள். ‘ரொட்டிக்காக’ என்னும் பொருள் தரும் ஒரு தொடரால் போலந்தியர் இந்தப் பயணத்தைக் குறிப்பிடுவர். 1870-க்கும் 1914-க்கும் இடையில் அமெரிக்கா வந்தடைந்தவர் ஏறத்தாழ 20 லட்சம் பேர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுட் பலர், சிறிது பணம் சேர்த்து ஊர் திரும்பி நிலம் வாங்கவேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள். கணிசமானோர் அவ்வாறே திரும்பியும் போனார்கள். நாளை போகலாம், மறுநாள் போகலாம் என்று எண்ணிக்கொண்டே வேரூன்றியவர்கள் ஏனையோர்.

இவர்களுக்கு முன்னரே போலந்தியர் சிலர் அமெரிக்க மண்ணை மிதித்திருந்தனர். ஆங்கிலேயர் நிறுவிய ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்திற்கு, கண்ணாடியும் கீலும் செய்யத் தெரிந்த போலந்துக் கைவினைஞர்கள் 1608-இல் அழைத்து வரப்பட்டார்கள். 1619-இல் அங்கு முதற் சட்டசபை கூட இருந்தபோது, வாக்குரிமை தமக்கு மறுக்கப்படவே, அவர்கள் வேலை செய்ய மறுத்து உரிமையைப் பெற்றனர். அமெரிக்க விடுதலைப் போரிலே சாவன்னா நகரருகே காயமுற்று 1779-இல் உயிர் துறந்த குதிரைப்படைத் தலைவர் புலாஸ்கியும், வெஸ்ட் பாயிண்ட் கோட்டைக்கு அரண் வகுத்த பொறியியல் வல்லுநர் கோஷ்சியுஷ்கோவும் போலந்தியரே. பிற்காலத்தில் வந்த ஏழைக் குடியானவர்களை ஊரார் ஏளனஞ் செய்தபோதெல்லாம், அவர்கள் இவ்விரு பெயர்களையும் கேடயம்போல் ஏந்திக்கொண்டார்கள். மில்வாக்கியின் பூங்கா ஒன்றில் 1905-இல் நிறுவப்பட்ட கோஷ்சியுஷ்கோவின் குதிரைச் சிலை அதற்குச் சான்று.

குடும்பங் குடும்பமாக வந்து நிலைத்த முதற் போலந்துக் குடியேற்றம், நாம் எதிர்பார்க்கக்கூடிய வடக்கிலன்று, தெற்கே வெயில் காயும் டெக்ஸாஸ் சமவெளியில் ஏற்பட்டது. லியோபோல்ட் மொச்சிகெம்பா என்னும் பிரான்சிஸ்கன் சபைக் குருவானவர் எழுதிய கடிதங்களை நம்பி, மேல் சிலேசியாப் பகுதியிலிருந்து சுமார் நூறு குடும்பங்கள் புறப்பட்டன. கால்வெஸ்டன் துறைமுகத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு நெடுந்தொலைவு நடந்து, 1854 டிசம்பர் 24 அன்று, சான் அந்தோனியோ ஆறும் சிபோலோ ஓடையும் கூடுமிடத்தை அவர்கள் அடைந்தார்கள். அங்கே வீடில்லை, கோயிலில்லை. ஓங்கி நின்ற ஓக் மரம் ஒன்றின் அடியில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை நடந்தது. அவ்வூருக்குப் பன்னா மரியா, அதாவது கன்னி மரியாள், என்று பெயரிட்டார்கள். பாம்பும் வறட்சியும் அவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. ஆயினும் வீட்டுக்கு முன்னே கோயில், கோயிலுக்கு அருகே பள்ளி என்ற ஒழுங்கு அந்த மரத்தடியிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

1870-க்குப் பின் வந்தவர்களை நிலம் அழைக்கவில்லை, ஆலைகள் அழைத்தன. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகள், பிட்ஸ்பர்க்கின் எஃகு உலைகள், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள், டெட்ராய்ட்டின் மோட்டார் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் மிகக் கடினமானதும் மிகக் குறைந்த கூலியுள்ளதுமான வேலைகள் இவர்களுக்குக் கிடைத்தன. சிகாகோவில் 1867-இல் தொடங்கிய புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பங்கு, அந்நூற்றாண்டின் இறுதியில் சுமார் 40,000 பேரைக் கொண்டு, உலகின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பங்குகளுள் ஒன்றாக விளங்கியது.

அவர்களுக்குப் பங்கு என்பது ஞாயிறுதோறும் சென்று வரும் கோயில் மட்டுமன்று. அதனைச் சேர்ந்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் பிள்ளைகளுக்குப் போலிஷ் மொழியில் பாடஞ் சொல்லிக் கொடுத்தார்கள். 1874-இல் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்த பெலீசியன் சபைக் கன்னியர் இப்பணியில் முன்னின்றவர்கள். கோயிலைச் சார்ந்து பாடகர் குழு, நாடகக் குழு, உடற்பயிற்சிக் கழகம், மாதர் சங்கம் எனப் பலவும் வளர்ந்தன. எல்லாவற்றிலும் முக்கியமானவை ஒருவர்க்கொருவர் உதவும் சங்கங்கள். மாதந்தோறும் சிறு சந்தா செலுத்தி வந்தால், சுரங்கத்திலோ உலைக்கூடத்திலோ உறுப்பினர் மாண்டபோது அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைத்தது. அரசாங்கம் அத்தகைய பாதுகாப்பு எதனையும் தராத காலம் அது. இச்சங்கங்கள் ஒன்றுகூடிப் பெரிய அமைப்புகளாயின. 1873-இல் போலிஷ் உரோமன் கத்தோலிக்க ஐக்கியமும், 1880-இல் போலிஷ் தேசியக் கூட்டமைப்பும், 1898-இல் போலிஷ் மாதர் கூட்டமைப்பும் தோன்றின. முன்னது சமயத்தை முதலாகக் கொண்டது. அடுத்தது நாட்டு விடுதலையை முதலாகக் கொண்டது. இவ்விரண்டிற்குமிடையே நெடுங்காலம் நடந்த சொற்போர் கடுமையானது. இரண்டு போலந்தியர் கூடினால் மூன்று கட்சிகள் என்று அவர்களே தம்மைக் கேலி செய்துகொள்வது உண்டு.

இனி மில்வாக்கிக்குத் திரும்புவோம். அங்கே ‘போலிஷ் அடுக்கு வீடு’ என்று கட்டடக்கலை அறிஞர் சுட்டும் ஒரு வகை வீடு உண்டு. தொழிலாளி முதலில் ஒரு சிறு மர வீட்டைக் கட்டுவான் அல்லது வாங்குவான். சிறிது பணம் சேர்ந்ததும் அவ்வீட்டை அப்படியே மேலே தூக்கிக் கம்பங்களின்மேல் நிறுத்தி, அதனடியில் பாதி நிலத்தில் அழுந்தியபடி செங்கல்லால் மற்றொரு குடியிருப்பைக் கட்டுவான். கீழ்ப்பகுதியில் புதிதாக வந்த உறவினரோ வாடகைக்கு இருப்போரோ குடியேறுவர். வாடகைப் பணம் வீட்டுக் கடனை அடைக்க உதவும். சொந்த வீடு என்பது நிலமிழந்த குடியானவனின் தீராத கனவு. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியாவது அக்கனவை நிறைவேற்றிக்கொண்ட குடும்பங்கள் மிகப் பல.

கோயில் கட்டிய கதையும் இதற்கு ஒப்பானதே. 1896-இல் சிகாகோ நகரின் தபால் நிலையமும் சுங்கச் சாவடியும் அமைந்த பெருங் கட்டடம் இடிக்கப்பட்டது. ஜோசபாத் பங்கின் குருவாகிய வில்லெம் குருட்சா அதன் கற்களையும் தூண்களையும் 20,000 டாலருக்கு விலை பேசி வாங்கினார். சுமார் 500 ரயில் பெட்டிகளில் அவை மில்வாக்கிக்கு வந்து சேர்ந்தன. அரசாங்க அலுவலகத்தின் கல்லும் கதவும் கைப்பிடியும் கோயிலுக்குரிய உறுப்புகளாயின. 1901-இல் கோயில் அபிஷேகம் நடந்தது. அதே ஆண்டில் குருட்சா காலமானார். அவர் விட்டுச் சென்ற கடனோ பங்கு மக்களின் தலைமேல் மலைபோல் நின்றது. 1910-இல் பிரான்சிஸ்கன் சபையார் பொறுப்பேற்றனர். 1920-களில் கடன் தீர்ந்த பிறகே உட்புறச் சித்திரங்கள் தீட்டப்பட்டன. 1929-இல் பாப்பரசர் அதற்குப் பேராலயம் என்னும் சிறப்புப் பட்டத்தை வழங்கினார். கால் நூற்றாண்டு வரை கூலிப் பணத்தில் ஒரு பகுதி அக்கடனுக்குச் சென்றுகொண்டிருந்தது. இது வீண் ஆடம்பரம் அன்றோ என்று அக்காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு. ஆனால் நாடு இல்லாத ஒரு மக்கள் கூட்டம், ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று பிறர் கண்ணில் படும்படி எழுதி வைத்த ஒரே சாசனம் அது. ஏழை மக்களுடைய பணத்தை இவ்வாறு செலவிட்டது சரியா என்ற கேள்வியும் நியாயமானதே; அந்தச் சாசனத்தின் தேவையும் நியாயமானதே.

தாமே கட்டிய கோயில் தமக்கே உரியதா? இக்கேள்வி பெரும் பூசலுக்கு இடமாயிற்று. மேற்றிராணிமார் பெரும்பாலும் ஐரிஷ்காரராகவோ ஜெர்மானியராகவோ இருந்தனர். கோயிற் சொத்து அவர்கள் பெயரில்தான் பதிவாக வேண்டும் என்பது விதி. பணம் கொடுத்தவர்களுக்கு நிருவாகத்தில் குரல் இல்லை. பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரில் இந்த மனக்குறை முற்றி, 1897-இல் பிரான்சிஸ் ஹோடூர் என்ற இளங் குருவின் தலைமையில் ஒரு பங்கு பிரிந்து சென்றது. அதுவே போலிஷ் தேசியக் கத்தோலிக்கத் திருச்சபையாக வளர்ந்தது. எங்கும் லத்தீனில் பூசை நடந்த அக்காலத்தில், அங்கே 1900-ஆம் ஆண்டிலேயே போலிஷ் மொழியில் பூசை நடத்தப்பட்டது. பெரும்பான்மையோர் பழைய திருச்சபையிலேயே இருந்தனர். அவர்களுடைய இடைவிடாத வேண்டுகோளின் பயனாக, 1908-இல் சிகாகோவில் பால் ரோட், அமெரிக்காவின் முதற் போலந்து மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார்.

தொழிற்களத்தில் நிகழ்ந்தவை இதனினும் கொடியவை. 1886 மே 5 அன்று, எட்டு மணி நேர வேலையை வேண்டி மில்வாக்கியின் பே வியூ இரும்பாலையை நோக்கி நடந்த ஊர்வலத்தின்மீது மாநிலப் படையினர் சுட்டார்கள். குறைந்தது ஏழு பேர் மாண்டனர். ஊர்வலத்தினருட் பெரும்பாலோர் போலந்தியர். 1897 செப்டம்பர் 10 அன்று பென்சில்வேனியாவின் லாட்டிமர் சுரங்கத்தருகே, ஆயுதமின்றி நடந்து வந்த வேலைநிறுத்தக்காரர்கள்மீது ஷெரீபின் ஆட்கள் சுட்டதில் 19 பேர் உயிரிழந்தனர். மாண்டவர்கள் போலந்தியர், ஸ்லோவாக்கியர், லித்துவேனியர் முதலானோர். ஷெரீபும் அவர் ஆட்களும் வழக்கில் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டனர். எனினும் அதன்பின் ஆயிரக்கணக்கானோர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்திற் சேர்ந்தார்கள். கூலியைக் குறைக்க வந்த அந்நியர் என்று முன்பு இகழப்பட்டவர்களே தொழிற்சங்கத்தின் தூண்களாயினர்.

முதல் உலகப் போர் அவர்களுடைய நெடுநாளைய நம்பிக்கைக்கு உயிரூட்டிற்று. பியானோ மேதை பாதெரெவ்ஸ்கி அமெரிக்க நகரந்தோறும் சென்று போலந்தின் விடுதலைக்காகப் பேசினார். 1918 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த பதினான்கு கொள்கைகளுள் பதின்மூன்றாவது, சுதந்திரப் போலந்தை வேண்டியது. தளபதி ஹாலரின் நீலச் சேனையில் அமெரிக்கப் போலந்தியர் 20,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து போர்க்களம் சென்றனர். 1918 நவம்பரில் தாய்நாடு மீண்டும் உயிர் பெற்றது. அப்போதுதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது. நாடு கிடைத்தும் பெரும்பாலோர் திரும்பிச் செல்லவில்லை. வீடு இங்கே, கோயில் இங்கே, பெற்றோரின் கல்லறையும் இங்கே. தாம் போலந்தியர் மட்டும் அல்லர், அமெரிக்கரும் ஆகிவிட்டோம் என்பதை அவர்கள் அந்நாளில் உணர்ந்தார்கள். 1921, 1924 ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் புதியவர் வரவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டன. பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர். போலிஷ் மொழி பாட்டியின் அடுக்களையிலும் பண்டிகைப் பாட்டிலும் ஒதுங்கிற்று.

அவர்கள் எழுப்பியவை நிலைத்தனவா? இதற்கு இரண்டு நகரங்கள் இருவேறு விடைகளைத் தருகின்றன. சிகாகோவில் 1950-களில் பெருஞ்சாலை ஒன்று வகுக்கப்பட்டபோது, அதன் பாதை ஸ்தனிஸ்லாஸ் கோயிலின் மேலாகச் செல்வதாயிருந்தது. பங்கு மக்கள் வலுவாக எதிர்த்தனர். சாலை கோயிலைச் சுற்றி வளைந்து சென்றது. 1960-இல் திறக்கப்பட்ட அச்சாலை, இன்றும் கோயிலின் மதிலை ஒட்டியே ஓடுகிறது. டெட்ராய்ட்டில் நேர்ந்தது வேறு. 1981-இல் மோட்டார் தொழிற்சாலை ஒன்றுக்காக, போல்டவுன் என்னும் பழைய குடியிருப்பை நகராட்சி கையகப்படுத்தியது. அப்போது அங்கே முதிய போலந்தியரோடு கறுப்பின மக்களும் கலந்து வாழ்ந்தனர். 4,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். முதியோர் சிலர் அமலோற்பவ மாதா கோயிலுக்குள் தங்கி மறியல் செய்தனர், போலீசார் அவர்களை வெளியேற்றினர், கோயில் இடிக்கப்பட்டது. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1981-இல் அச்செயலை ஒப்புக்கொண்டது. அதே நீதிமன்றம் 2004-இல் வேறொரு வழக்கில் தன் பழைய தீர்ப்பு தவறென்று கூறியது. தீர்ப்புத் திரும்பிற்று; கோயில் திரும்பவில்லை.

இடிந்த அக்குடியிருப்பை அடுத்தே ஹாம்ட்ராம்க் என்ற சிறு நகரம் உள்ளது. டாட்ஜ் மோட்டார் தொழிற்சாலையால் 1910-இல் சுமார் 3,500 ஆக இருந்த அதன் மக்கள் தொகை, 1920-இல் 45,000-க்கும் மேலாயிற்று. வந்தவர்களுட் பெரும்பாலோர் போலந்தியர். 1928-இல் முடிவுற்ற புனித புளோரியன் கோயில் அந்நகரின் முடிபோல் நிற்கிறது. தவக்காலத்துக்கு முன் உண்ணும் பொஞ்ச்கி என்னும் எண்ணெய்ப் பலகாரத்தைப் போலந்தில் வியாழக்கிழமை உண்பர். ஹாம்ட்ராம்க்கில் அது செவ்வாய்க்கிழமைத் திருவிழாவாக மாறி, இனவேறுபாடின்றி எல்லாரும் கடை வாயிலில் வரிசையில் நிற்கும் நாளாயிற்று. தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. போலந்தியரின் பிள்ளைகள் புறநகர்களுக்குச் சென்றனர். அவர்கள் விட்ட வீடுகளில் ஏமன் நாட்டவரும் வங்காள தேசத்தவரும் குடியேறினார்கள்.

2004-இல், பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலியை ஒலிபெருக்கியில் விடலாமா என்ற வழக்கு அந்நகரில் எழுந்தது. எதிர்த்தவர்களுட் சிலர் பழைய போலந்துக் குடும்பத்தினர். எங்கள் தெருவின் ஓசையே மாறிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். கோயில் மணி ஒலிக்கும் ஊரில் பாங்கு ஒலித்தால் என்ன என்று மற்றவர்கள் கேட்டார்கள். நகர மன்றம் அனுமதித்தது. மக்கள் வாக்கும் அதனை உறுதி செய்தது. ஏறத்தாழ நூறாண்டு காலம் போலந்து வழியினரே நகரத் தலைவராக இருந்த அவ்வூரில், 2021 தேர்தலில் ஏமனில் பிறந்த ஒருவர் அப்பதவியை வென்றார். ஒரு காலத்தில் தாங்கள் கேட்ட அதே கேள்வியை, ‘எங்களுக்கும் இங்கே இடமுண்டா?’ என்பதை, இப்போது பிறர் தங்களிடம் கேட்க, பழைய குடியேறிகள் விடை சொல்ல வேண்டியவர்களாயினர். குடியேறியோர் வரலாற்றில் இதனினும் கடினமான தேர்வு வேறில்லை.

மில்வாக்கியின் தென்பகுதியிலும் இன்று ஸ்பானிஷ் மொழி பேசும் மக்களே மிகுதியாக வாழ்கின்றனர். வீட்டைத் தூக்கி நிறுத்தி அடியில் கட்டிய கீழ்க்குடியிருப்புகளில் வேறு நாட்டுக் குழந்தைகள் விளையாடுகின்றன. செப்பு மாடமோ அப்படியே நிற்கிறது. கட்டியவர்களின் மொழி அத்தெருக்களில் பெரிதும் மறைந்துவிட்டது. அவர்கள் கட்டிய இடம் மறையவில்லை. தமக்காக மட்டுமே அவர்கள் கட்டினார்கள். பின் வந்தோர்க்கும் அது நிழல் தருகிறது. புதிதாக வந்த உறவினனுக்கு இடங்கொடுக்க வீட்டையே மேலே உயர்த்தத் தெரிந்த அம்மக்களின் செயலில், ஒரு நகரம் எவ்வாறு வளர்கிறது என்பதன் முழு இரகசியமும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.